ராகுகாலத்துக்கு முன் நாலு அடி

நீர்வேலியில் உதயகலாவின் கராச்சுக்கு யார் வாகனம் கொண்டுபோனாலும், என்ன பழுது என்று அவள் முதலில் கேட்பதில்லை. "எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்? நல்ல நேரம் ஏதும் பாத்திருக்கிறியளோ?" என்பாள். வாகனத்துக்குள் இருக்கும் கணினிகளைத் திருத்துகிறவள் பஞ்சாங்கம் கேட்கிறாளே என்று புதியவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்தக் கேள்வியை அவள் வாயில் வரவைத்த புண்ணியவான் நான்தான்.

நான் பஞ்சலிங்கம். புத்தூரில் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். உதயகலாவுக்கு நாற்பது வயதிருக்கும், வாழைத்தோட்டக்காரரின் மகள். கொழும்பில் வாகனக் கம்பனி ஒன்றில் ஆறு வருடம் இந்த வேலையைச் செய்துவிட்டு வந்து, தகப்பன் வாழைக்குலை அடுக்கிய கொட்டிலில் கராச்சைத் தொடங்கினாள். மடிக்கணினியோடு ஒரு பெண் வானுக்குள் உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்கவே அப்போது ஆட்கள் போனார்கள். நானும் போனேன். கையில் கிறீஸ் படாததெல்லாம் ஒரு வேலையா என்று அவளிடமே கேட்டேன். "இருந்து பாருங்கோ அண்ணை" என்று பிளேன்ரீ தந்தாள்.

என் வான் ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு மாதமாக, சந்தியில் பிறேக் பிடித்து நின்றால் எஞ்சினும் சேர்ந்து நின்றுவிடும். வாகனம் திருத்துகிற எத்தனையோ பாஸ்மார் எதை எதையோ மாற்றினார்கள். எஞ்சினை நடத்துகிற கணினியின் மென்பொருளில்தான் பிழை, அதற்குத் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவள் உதயகலா.

அதை ஏற்ற அவள் வரச்சொன்ன வெள்ளிக்கிழமைதான் என் மகள் தக்சாயினிக்குச் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள். எனக்கு முதல் பேத்தி, பிறந்து ஐந்து நாள். நடுவீதியில் நிற்கிற வானில் அந்தப் பச்சைப் பிள்ளையை ஏற்ற எனக்குப் பயம். வேறு ஆளின் வானில் ஏற்ற மனமில்லை. காலை ஒன்பது மணிக்கே கராச்சில் போய் நின்றேன்.

அவள் வேலையில் அவசரம் கிடையாது. முதலில் வானின் பற்றரிக்குச் சார்ஜர் பூட்டினாள். பிறகு கணினியில் இருந்த பழைய மென்பொருளை அப்படியே பிரதி எடுத்து, வான் இலக்கத்தைப் பெயராகப் போட்டு வைத்துக்கொண்டாள். "முந்தியெண்டா முழுசா ஏத்த வேணும் அண்ணை, அரை நாள் போகும். இப்ப மாறின பகுதியை மட்டும் ஏத்திறன். அரை மணித்தியாலம் காணும். சாவியிலை மட்டும் கை வைக்காதேங்கோ" என்றாள்.

பத்து இருபதுக்கு மனைவி மகாதேவி போன் எடுத்தாள். "பத்தரைக்கு ராகுகாலமெல்லோ! அதுக்கு முதல் வானை நாலடி எண்டாலும் வெளியிலை எடுத்து வையுங்கோ. பிறகு எப்ப போனாலும் குற்றமில்லை."

எங்கள் வீட்டில் இது வழக்கம்தான். கெட்ட நேரத்துக்கு முன் நாலடி நகர்ந்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. உதயகலா வெளியே ஓர் ஓட்டோக்காரருடன் கதைத்துக்கொண்டு நின்றாள். மடிக்கணினித் திரையில் அறுபது வீதம் ஏறியதாகக் காட்டியது. அதிலிருந்து வானுக்குப் போன கேபிளும் நீளமாகத்தான் இருந்தது. நாலடிதானே என்று சாவியைத் திருகினேன்.

வான் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். விளக்குகளெல்லாம் அணைந்தன. மடிக்கணினி சிவப்பில் ஏதோ எழுதியது.

உதயகலா ஓடிவந்தாள். "என்ன செய்தனீங்கள்?"

"நாலடிதான் தங்கச்சி..." என்று காரணத்தைச் சொன்னேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மடிக்கணினி முன்னால் குந்தினாள். அந்தக் கணினிக்குள் எது அழிந்தாலும் அழியாத சின்ன மூலை ஒன்று உண்டாம். அது பதில் சொல்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைசியில் அது பதில் சொன்னது. வைத்திருந்த பழைய பிரதியிலிருந்து பழுதான பகுதியை மட்டும் ஏற்றி, சரிபார்த்து, மறுபடியும் புதியதை ஏற்றினாள். இம்முறை சாவியருகில் அவளே இருந்தாள்.

பதினொன்றேகாலுக்கு வான் உயிர்த்தது. அந்த நேரம் தக்சாயினி போன் எடுத்தாள். "அப்பா, கட்டிலை வேறை ஆளுக்குக் குடுத்திட்டினம். பிள்ளையோடை வெளி விறாந்தை வாங்கிலை குந்திக்கொண்டு இருக்கிறன்."

வெளிக்கிட வேண்டும். ஆனால் ராகுகாலம் முடிய இன்னும் முக்கால் மணித்தியாலம். முதல் பேத்தியை அழைக்கப் போகிற பயணம். என் கால் நகரவில்லை. உதயகலா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வானில் ஏறி, படலைக்கு வெளியே நாலடி ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"வெளிக்கிட்டது நான் அண்ணை. ராகுகாலம் என்ரை தலையிலை இருக்கட்டும். நீங்கள் வழியிலை ஏறின ஆள். போங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவள்கூட இதைச் செய்வாளோ தெரியாது.

திரும்பி வரும்போது, சுற்றுத்தான் என்றாலும் நீர்வேலிக்கு வானை விட்டேன். உதயகலா முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, யன்னலால் எட்டிப் பார்த்தாள். பேத்தி தாயின் மடியில் நல்ல நித்திரை. மரியாதைக்கு இறங்கிக் கதைப்போம் என்று நான் சாவியில் கை வைத்தேன்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை" என்றாள் மெதுவாக. "பிள்ளை எழும்பிப்போடும்."

கால் மணித்தியாலம் அப்படியே நின்றோம். எஞ்சின் ஒருமுறைகூட அணையவில்லை.