இடிபடாமல் நின்ற மேற்குச் சுவர்

1. இரண்டு படங்கள்

அது ஒக்டோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. அலுவலகக் கதிரையில் உட்காரும் முன்பே கைத்தொலைபேசியில் இரண்டு படங்கள் வந்து கிடந்தன. முதல் படத்தில் கூரை விழுந்த பழைய பாடசாலை மலசலகூடம். இரண்டாவதில் அதே இடம், வெட்டவெளி. இறக்கக்கண்டிப் பக்கத்துப் பாடசாலையின் அதிபர் சிவபாதம் கீழே எழுதியிருந்தார்: “மிஸ், சனி ஞாயிறு ஊரைக் கூட்டிச் சிரமதானம் போட்டு உடைச்சாச்சு. இனி நீங்கள் கட்டுறதுதான்!” பக்கத்தில் கும்பிடும் கைகள் மூன்று.

எனக்குத் தலை சுற்றியது. ஏன் என்று சொல்வதற்கு முதல், காசு எப்படி வருகிறது என்று சொல்லவேண்டும். திருகோணமலையில் கல்வி அலுவலக மேசைகளிலேயே காலம் கழித்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். இப்போது அந்த மேசைகளில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

2. வோட்டு

வருடா வருடம் மாகாணத்துக்கு ஒரு நிதி ஒதுக்கீட்டு நியதிச்சட்டம் வேண்டும். மாகாண சபை இருந்தால் உறுப்பினர்கள் கை தூக்குவார்கள். சபை இல்லாத காலத்தில் ஆளுநர் அனுமதிப்பார். கல்விக்கு ஒதுக்கும் தொகை பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கும். பெரும்பங்கு ஆசிரியர் சம்பளத்துக்கே போய்விடும். மிச்சத்தைப் புதுக் கட்டடம், தளபாடம், திருத்த வேலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருப்பார்கள். அந்த இலக்கத்தைத்தான் நாங்கள் வோட்டு என்போம். ஒரு வோட்டுக் காசை இன்னொன்றுக்குத் தொட முடியாது. கலியாணத்துக்கு அளந்த அரிசியைச் செத்தவீட்டு அந்தியேட்டிக்கு உலையில் போட விடமாட்டார்கள். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காததும் கைவிட்டுப் போய்விடும். ஜனவரியில் அழுது பயனில்லை.

சிவபாதத்தின் பாடசாலைக்குக் கிடைத்தது திருத்த வோட்டு. திருத்துவதற்கு ஒரு கட்டடம் இருக்கவேண்டும். அதைத்தான் ஊர் கூடி உடைத்துவிட்டது.

பிழை என்னுடையதுதான். வெள்ளிக்கிழமை சந்தோஷத்தில் தொலைபேசி எடுத்து, “அதிபர், உங்கட மலசலகூடத்துக்குக் காசு வந்திட்டுது!” என்றேன். எந்த வோட்டில் என்று சொல்லவில்லை. அரசாங்கம் காசு தந்தால் ஊர் உழைப்புத் தரவேண்டும் என்பது அந்தப் பக்கத்து மரியாதை. அந்த வாரம் கடல் வேறு கடுமை. தொழிலுக்குப் போகாத ஆண்கள் எல்லாரும் சுவர் இடிக்க அலவாங்கோடு வந்திருக்கிறார்கள்.

3. நஸீர் சேர்

எங்கள் கணக்காளர் நஸீர் சேர் படங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“இல்லாத கட்டடத்த எப்பிடிப் புள்ள திருத்துற?”

“புதுக் கட்டட வோட்டுக்கு மாத்த ஏலாதா சேர்?”

“மாத்தலாம். மேல எழுதி, அனுமதி வாறதுக்குள்ள வருஷம் முடிஞ்சிடும். செத்த ஆளுக்கு மருந்து எழுதித் தரச் சொல்றீங்க.”

நஸீர் சேர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கணக்காய்வுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். நான் எழும்பாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “டீ.ஓ.வைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்க. ஏதும் மிச்சம் நிண்டா வந்து சொல்லுங்க. பொய் எழுதின ஃபைலோட மட்டும் இந்த மேசைக்கு வராதீங்க.”

டீ.ஓ. என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கள் டீ.ஓ. ரிஸ்வான். இரண்டு பேரும் கடற்கரைப் பாதை பஸ்ஸில் ஏறினோம்.

4. ஈர வலை

பாடசாலைப் பின்வளவுக்குள் போனதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மேற்குச் சுவர் முழுசாய் நின்றது! அதன் மேல் ஒரு மீன்வலை காய்ந்துகொண்டிருந்தது. வலைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்தபடி ஒரு பெண். பெயர் லீலாவதி. வேலிக்கு அடுத்த வீடு.

“படத்தில இது வரேல்லையே அதிபர்?”

சிவபாதம் தலையைச் சொறிந்தார். “அரைகுறையாத் தெரிஞ்சா மரியாதையில்ல எண்டு மற்றப் பக்கம் திரும்பி எடுத்தனான் மிஸ்.”

“ஈர வலை. காயமுந்தி எடுக்க ஏலாது எண்டு ரெண்டு நாளாச் சண்டை பிடிச்சனான்,” என்றார் லீலாவதி. “இப்ப காய்ஞ்சிட்டுது. இந்தா எடுக்கிறன், உடையுங்கோ.”

அவர் வலையை உருவி எடுத்ததுதான், ஒருவர் அலவாங்கோடு வந்துவிட்டார்.

“தொடாதேங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் வகுப்புப் பிள்ளைகள் யன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

லீலாவதிக்குக் கோபம். “என்ன மிஸ் கதை இது? என்ட மகள் ஒன்பதாம் வகுப்பு. பத்து மணிக்கு ஒதுங்க எண்டு வீட்டுக்கு வாறவள், பிறகு பள்ளிக்கூடம் போகமாட்டாள். இஞ்ச படிக்கிற பெரிய பொம்பிளைப் பிள்ளையள் எல்லாருக்கும் இதே கதிதான். உந்த ஒரு சுவர் நிண்டு ஆருக்கு என்ன லாபம்?”

என் வாயில் நானே ஒன்று போடலாம் போல் இருந்தது. இத்தனை வருடம் மலசலகூடம் என்பது எனக்கு ஃபைலில் ஓர் இலக்கம்தான். அதற்குப் பின்னால் பத்து மணிக்கு வீட்டுக்குப் போகும் ஒரு பிள்ளை இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். வோட்டின் கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். லீலாவதி வலையைத் திரும்பச் சுவரில் விரித்தார்.

ரிஸ்வான் மண்ணைக் கிண்டி, அளவு நாடா பிடித்து எழுதினார்: அத்திவாரம் நல்ல நிலை, குழி நல்ல நிலை, மேற்குச் சுவர் நிற்கிறது, மற்ற மூன்று சுவர்களும் கூரையும் ஊராரால் அகற்றப்பட்டன. ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

நஸீர் சேர் இரண்டு தரம் வாசித்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. “ஆள் இன்னும் சாகல்ல. மருந்து எழுதலாம். ஆனா வேலை துவங்குமட்டும் அந்தச் சுவர் விழப்படாது, சரியா?”

5. மழையில் காய்ந்த வலை

மதிப்பீடு, அனுமதி, கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு ஒப்பந்தம் என்று நவம்பர் வந்துவிட்டது. மாரி மழையும் வந்துவிட்டது. மழையிலும் லீலாவதியின் வலை சுவரை விட்டு இறங்கவில்லை. “மழைக்க வலை காயப்போடுற ஆளை இப்பத்தான் பார்க்கிறம்,” என்று ஊர் முழுக்கப் பகிடி. “உங்களையெல்லாம் நம்பி எடுக்க ஏலாது,” என்றாராம் அவர். கொத்தனார் வந்து முதல் கல் வைத்த பிறகுதான் வலை வீட்டுக்குப் போனது.

டிசம்பர் கடைசி வாரத்தில் பில்லில் கையொப்பம் விழுந்தது.

பிள்ளைகளே, காசு வந்திட்டுது என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லாதீர்கள். எதற்கு வந்தது, எதற்குத் தொடக்கூடாது, எப்போது திரும்பிப் போகும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் பஸ் ஏறிப் போய் ஒருமுறை பாருங்கள்.

புது வருடத்தில் பாடசாலை தொடங்கிய பிறகு நானும் போய்ப் பார்த்தேன். மூன்று சுவர் தூக்குநூல் பிடித்த நேர். மேற்குச் சுவர் மட்டும் கொஞ்சம் சாய்வு. வேலிக்கு அப்பால் லீலாவதி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எப்பிடி அக்கா, இப்ப சரியோ?”

“என்ன சரி மிஸ்? முந்தி மகள் பத்து மணிக்கு வந்து எனக்கு மீன் வெட்டித் தருவாள். இப்ப ரெண்டு மணி ஆனாலும் ஆளைக் காணேல்ல,” என்று முறைப்பாடு சொன்னார். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.