கக்கூஸ் வாசலில் ஒரு நன்றி

1. முதல் நாள் றிப்போட்

கோபன்ஹேகனில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது இருபத்திரண்டு வருஷம் என் வேலை. குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, கக்கூசுக்குக் கூட்டிப்போய் வருவது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் சுளித்தவள்தான்.

ஹன்னா வீட்டில் முதல் நாளே பிழை விட்டேன். எழுபதைத் தாண்டிய யூதப் பெண், இடுப்பெலும்பு முறிந்தவர். கக்கூஸ் முடிந்து கையைக் கழுவினார். வெளியே வந்து வாசலில் நின்று, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். எனக்குத் திக்கென்றது. "தனக்குத்தானே கதைக்கிறார், மறதி நோயாக இருக்கலாம்" என்று றிப்போட்டில் எழுதிவிட்டேன்.

எங்கள் லீடர் டாக்டரை அனுப்பப் பார்த்தா. விஷயம் ஹன்னாவுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் நான் நுழைந்ததும் பிடித்துக்கொண்டார். அவர் டேனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

"நீர்தான் எனக்கு மூளை பிசகு, விசர் எண்டு எழுதினதோ?"

"விசர் எண்டு எழுதேல்லை. மறதி எண்டுதான்..."

"கடவுளோடை கதைச்சனான், பிள்ளை. நன்றி சொன்னனான்."

"கக்கூசுக்குப் போனதுக்கோ?"

"ஓம். எங்கடை சமயத்திலை அதுக்கும் ஒரு நன்றி இருக்கு. உடம்பிலை எத்தினை ஓட்டை, எத்தினை குழாய். ஒண்டு அடைபட்டாலும் ஆள் முடிஞ்சுது. ஒவ்வொருக்காவும் ஒழுங்கா நடக்குதே, அது சும்மாவோ?"

தலையாட்டினேன். உள்ளுக்குள் சிரிப்பு. தலைமுழுகாமல் கோயில் படி மிதிக்காதவள் நான். கடவுளைக் கக்கூஸ் வாசலுக்குக் கூப்பிடுகிறாவே என்று கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். றிப்போட்டை மட்டும் திருத்தினேன்.

2. ஹன்னாவின் படகு

இரண்டு வருஷம் கழித்து, 2009 மே. வன்னியில் யுத்தம் முடிந்ததாக ரீவியில் சொன்னார்கள். என் தம்பி குடும்பம் அங்கே. மூன்று கிழமையாக ஒரு தகவலும் இல்லை. வேலை நேரத்தில் ஃபோனை நிற்பாட்டவேண்டும் என்பது சட்டம். நான் நிற்பாட்டவில்லை.

"முகம் சரியில்லை. என்ன, சொல்லும்" என்றார் ஹன்னா. சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

"ஹிட்லற்றை ஆக்கள் இஞ்சை யூதரைப் பிடிக்க வரேக்கை எனக்கு ஒன்பது வயசு. அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். அம்மாவும் நானும் மீன்பிடிப் படகிலை, தார்ப்பாய்க்குக் கீழை. மூத்திரம் முட்டுது, அசையேலாது. ஸ்வீடன் கரையிலை இறங்கினதும் பத்தைக்குப் பின்னாலை ஓடினன். திரும்பி வர, அம்மா கடல் தண்ணியிலை கையைக் கழுவிவிட்டு இந்த நன்றியைச் சொல்ல வைச்சா. வீடில்லை, அப்பா இல்லை. ஆனா சொன்னம். யுத்தம் முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் சொன்னம்."

"அப்பா வந்தவரோ?"

"வந்தவர். வராட்டிலும் சொல்லியிருப்பம்."



3. ஃபோன் கோல்

அதற்கு நாலாம் நாள் காலை. கக்கூசில் ஹன்னாவை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தும்போது ஃபோன் அடித்தது. கையை விட்டால் அவர் விழுவார். விடாவிட்டால் கோல் போய்விடும்.

"என்னை இருத்திப்போட்டு எடும்!" என்று கத்தினார்.

இருத்தினேன், எடுத்தேன். தம்பியின் மனைவி, வவுனியா ஆஸ்பத்திரியில் யாரோ நர்ஸின் ஃபோனிலிருந்து.

"மச்சாள், அவர் உயிரோடை இருக்கிறார்! வயித்திலை ஷெல் துண்டு, ஒப்பரேசன் செய்தது. மூண்டு நாளா மூத்திரம் போகேல்லை, ஆள் தப்பாது எண்டு டாக்டர்மார் சொன்னவை. இண்டைக்கு விடிய மூத்திரம் போனவர், மச்சாள்! இனிப் பயமில்லையாம்!"

லைன் அறுந்தது. கக்கூஸ் நிலத்திலேயே குந்திவிட்டேன். 

"மூத்திரம் போயிட்டானாம்" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

ஹன்னா சிரிக்கவில்லை. "என்னை எழுப்பும்" என்றார். எழுப்பினேன். கை கழுவினார். பைப்பைப் பூட்டாமல் என்னைப் பார்த்தார். நானும் கழுவினேன். வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் தன் வேத பாஷையில் நன்றி சொன்னார். நான் "முருகா, முருகா" என்றேன். எந்தக் கோயில் வாசலிலும் எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை, யாரைக் கழுவித் துடைத்தபோதும் நான் முகம் சுளிக்கவில்லை. அன்றைய றிப்போட்டில் இப்படித்தான் எழுதினேன்: "கக்கூசுக்குப் போனார். நன்றி சொன்னார். நானும் சொன்னேன்."