நீதிபதியின் ஏமாற்றப் பட்டியல்

பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவரை எதற்கு எல்லாரும் நீதிபதி என்று கூப்பிடுகிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். நீதிமன்ற வாசலைக்கூட மிதித்திராத மனிதர் அவர். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது கண்ணாடிக்கடை மாடியில் கூடும் இசை ரசிகர் வட்டம். மூக்குக் கண்ணாடி விற்கிற கடைக்காரர், பூகோளம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், இன்னும் எட்டு பேர், இவர். ஆக மொத்தம் பதினோரு பேர்.

வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொருவரும் எழுந்து நின்று இரண்டு பட்டியல் வாசிக்க வேண்டும். அந்த வருடம் வெளிவந்த ஆல்பங்களில் மனதுக்குப் பிடித்தவை மூன்று, ஏமாற்றியவை மூன்று. பிடித்ததைச் சொல்வது பெரிய காரியமில்லை, யார் வேண்டுமானாலும் புகழ்ந்துவிட்டுப் போகலாம். வட்டம் உயிரோடு இருப்பதே ஏமாற்றப் பட்டியலால்தான். அதற்குச் சட்டம் உண்டு. நாம் ஆசையாகக் காத்திருந்து கேட்டதைத்தான் அதில் போடலாம். எதிர்பார்க்காத பாட்டு எப்படி ஏமாற்றும்? இன்னொரு சட்டம், வாசித்த பிறகு மாற்றக் கூடாது. இரண்டையும் எழுதியவர் நீதிபதிதான்.

அவருடைய தீர்ப்பு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒரு வருடம் கண்ணாடிக்கடைக்காரரின் மைத்துனர் புல்லாங்குழல் வாசித்து ஒரு ஆல்பம் போட்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அதை முதல் ஏமாற்றமாக வாசித்தவர் இவர். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே வந்து, "நீங்க சொன்னது சரிதான், பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது. நீதிபதியும் அப்படியே நம்பினார் என்பதுதான் இந்தக் கதையின் தலைவலி.

இந்த வருடம் அவருடைய ஒரே மகள் கூரியர் அலுவலக வேலையை விட்டுவிட்டாள். ஒரு வருடம் பாடிப் பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் மறுபடியும் பார்சலுக்கு முத்திரை குத்தப் போகிறேன் என்றாள். மூன்று தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் ஒரு அறை எடுத்தாள். வீட்டிலிருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் நீதிபதியே தோளில் சுமந்துகொண்டு போய் அங்கே வைத்துவிட்டு வந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை.

ஸ்பீக்கர் போனதும் வீட்டில் பாட்டு நின்றுபோனது. போனைத் திறந்துவிட்டு அதன் சின்ன ஸ்பீக்கரில் கேட்பது பாட்டுக்கு அவமரியாதை என்பது அவர் கொள்கை. ஆகவே இந்த வருடம் முழுவதும் வேலையிடத்தில் இயர்போனில்தான் கேட்டார். இயந்திரம் என்பது ஆள் நீளத்துக்குச் சூடான உருளை. இந்தப் பக்கம் ஈரத் துணியை நீட்டிக் கொடுத்தால் அந்தப் பக்கம் தாள் மாதிரி வந்து விழும். துணி சிக்கினால் மணி அடிக்கும். அந்த மணிக்காக ஒரு காது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் கண்டிப்பான உத்தரவு. இயர்போனின் வலது பக்க ஒயர் சும்மா தொங்கி உருளையில் மாட்டிக்கொள்ளப் போகிறதே என்று நீதிபதி அதைக் கத்தரிக்கோலால் வெட்டி, நுனியில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டார். இடது பக்கம் காதில். பாட்டு கேட்டது, மணியும் கேட்டது. வேறென்ன வேண்டும்?

வருடக் கடைசிக்கு நாலு மாதம் இருக்கும்போது மகளின் ஆறு பாட்டுகள் வெளிவந்தன. ஆல்பத்தின் பெயர் 'எதிர்ப்பாட்டு'. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"அப்பா, இப்ப எதுவும் சொல்லாதீங்க. மகள்னு பாக்காம வட்டத்துல வெச்சு சொல்லுங்க. நீங்க சொல்றதை வெச்சுத்தான் பாடறதா, கூரியர் ஆபீஸுக்குத் திரும்பறதான்னு முடிவு பண்ணப்போறேன்."

"ஏன் பாப்பா, என் ஒருத்தன் பேச்சையா நம்பப்போறே?"

"ஊரே நல்லாருக்குன்னு பொய் சொல்லும். நீங்க சொல்லமாட்டீங்க."

மறுநாள் உருளைக்கு முன்னால் நின்று ஆறு பாட்டையும் கேட்டார். தலை கால் புரியவில்லை. மகளுடைய குரல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வரி பாடுகிறாள். 'எப்போது விளக்கை அணைத்தாய்' என்று கேட்கிறாள். அப்புறம் ஒன்றுமே இல்லை. தாளம் மட்டும் போகிறது. மறுபடியும் ஒரு கேள்வி, மறுபடியும் வெறும் தாளம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவதைக் கேட்பது மாதிரி இருந்தது. எதிர்ப்பாட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள், எதிரில் யாருமே இல்லையே. இதுதான் இப்போதைய பாணியோ? பத்துத் தடவை கேட்டார், இருபது தடவை கேட்டார். கேட்கக் கேட்க வெறுமைதான் பெரிதாகிக்கொண்டு போனது.

அவர் மனைவியின் நடவடிக்கை அதைவிடப் புரியவில்லை. இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் எந்த ஆல்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள். இப்போது தினமும் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்றாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஆறும் கேட்டீங்களா?"

"ஆறும்தான்."

"சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"வட்டத்துலதான் சொல்லணும்னு உன் பொண்ணே சொல்லிட்டாளே."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நாள் ஆக ஆக அந்தக் கேள்வியும் நின்றது. வட்டத்து ஞாயிறு நெருங்க நெருங்க, சாப்பிட வாங்க என்பதைத் தவிர வீட்டில் பேச்சே இல்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று மண்டையைக் குடைந்துகொண்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

பட்டியலை ஏழு தடவை எழுதிக் கிழித்தார். அவருக்குப் பயமாக இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தக் காக்கை ஆகிவிட்டால், பொய்யை நம்பி மகள் வாழ்க்கையைத் தொலைத்துவிடுவாள். உண்மையைச் சொன்னால் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பார்சல்களுக்கு நடுவே தானே உட்காரவைத்தது போல் ஆகும். இந்த வருடத்தில் அவர் இதைப் போல வேறெதற்கும் காத்திருக்கவில்லை. சட்டப்படி பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஏமாற்றம் கிடையாது. எட்டாவது தடவை எழுதியதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்த ஞாயிறு மனைவியும் மகளும் கூடவே வந்தார்கள். குடும்பத்தார் வரலாம், நடுவில் பேசக் கூடாது. மாடியில், கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரி ஓரமாக இருவரும் உட்கார்ந்தார்கள். மனைவி நல்ல புடவை கட்டியிருந்தாள். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

நீதிபதி எழுந்தார். முதலில் பிடித்தவை.

"இந்த வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'வெயில் காலம்'. என்ன அடக்கம்! என்ன அமைதி! ஒரு கிடாரும் குரலும் மட்டும். இப்படி எளிமையா யாரும் போடறதில்ல."

டீச்சர் தன் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார். "சார், எந்த 'வெயில் காலம்'? அந்த ட்ரம்ஸ்லயும் எக்காளத்துலயும் எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. என் ஏமாற்றத்துல அதுதான் ரெண்டாவது."

"எக்காளமா? எங்கே இருக்கு எக்காளம்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி கிண்டல் செய்கிறார் போல என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு உள்ளே ஏதோ உதைத்தது. ஆனால் நிறுத்தவில்லை. பிடித்தவற்றில் மற்ற இரண்டையும் வாசித்தார். ஏமாற்றத்தில் மூன்றாவதைச் சொன்னார், இரண்டாவதைச் சொன்னார்.

"முதலாவது, 'எதிர்ப்பாட்டு'. என் மகளோடது. குரல்ல குறை இல்ல. கேள்வி கேட்டுட்டு பதில் இல்லாம விட்டுடறா. ஆறு பாட்டுலயும் எதிர்ல ஒரு ஆளைக் காணோம். பாதியில எழுந்து போன மாதிரி இருக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் முதலில் வாயைத் திறந்தார். "என்ன சொல்றீங்க நீங்க? எங்கள்ல ஆறு பேரோட பிடிச்ச பட்டியல்ல அதுதான் முதல்ல நிக்குது. அதுவும் அந்த ரெண்டாவது குரல்! அதைப் போய் ஆளைக் காணோம்ங்கறீங்களே?"

"எந்த ரெண்டாவது குரல்?"

மனைவி எழுந்து படியிறங்கிப் போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மகள் பின்னாலேயே எழுந்து, அவர் அருகில் வந்து, "சரிப்பா, உண்மையைத்தானே கேட்டேன்" என்றாள். "கூரியர் ஆபீஸ்ல இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம். நாளைக்குப் போய்ப் பேசறேன்." அவளும் போய்விட்டாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றார் நீதிபதி. டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார். "சார், நீங்க எதுல கேட்டீங்க?"

சட்டைப் பையிலிருந்து இயர்போனை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து, கறுப்பு டேப் சுற்றிய நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இன்னொண்ணு எங்கே?"

"அதை வெட்டிட்டேன்."

வெடித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடிகள் ஆடின. "இப்பல்லாம் ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம்னு பிரிச்சு வெக்கறாங்க சார்" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்க பொண்ணு ஒரு குரலை இடது காதுக்கும் இன்னொரு குரலை வலது காதுக்கும் கொடுத்திருக்கா. எதிரெதிர் வீட்டுல இருந்து ரெண்டு பொம்பளைங்க பேசிக்கற மாதிரி. நீங்க ஒரு வீட்டை இடிச்சுட்டீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் தன் பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினார். நீதிபதி படியில் உட்கார்ந்து ஆறு பாட்டையும் கேட்டார். மகள் கேட்டாள், எதிரிலிருந்து பதில் வந்தது. அவசரமே இல்லாத, கொஞ்சம் கரகரத்த, வயதான குரல். அதட்டவில்லை, அழவில்லை, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னது. எங்கேயோ கேட்ட குரலாகவும் இருந்தது, கேட்டே இராத குரலாகவும் இருந்தது. தெரிந்த பாடகிகளையெல்லாம் மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். யாரும் ஒத்துவரவில்லை. ஹெட்போனைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

"என் பட்டியலைத் திருத்திக்கட்டுமா?"

"வாசிச்சது வாசிச்சதுதான். சட்டம் போட்டது யாரு?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மைத்துனரின் புல்லாங்குழல் அவருக்கு மறந்திருக்காது.

நீதிபதி அடுத்த கேள்வி கேட்கவில்லை. மூன்று தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க மகளின் அறைக் கதவைத் தட்டினார். மனைவியும் அங்கேதான் இருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய இயர்போனை மகள் கையில் வைத்து, உருளை, மணி, கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். மகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்து, கடைசியில் அழுதுவிட்டாள்.

"நாலு மாசமா பாதியைத்தான் கேட்டீங்களாப்பா?"

"பாதியைக் கேட்டுட்டு முழுத் தீர்ப்பு சொன்ன மடையன் நான். நீ எந்த ஆபீஸுக்கும் போகவேண்டாம், பாப்பா. பாடு. சத்தியமா சொல்றேன், பாடு." அவர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு ஆர்வம் தாங்காமல் கேட்டார். "அது சரி, பதில் சொல்ற குரல் யாரோடது? எங்கே பிடிச்சே அவங்களை?"

மகளின் அழுகை நின்றது. மனைவி ஒயரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லாவா? இத்தனை வருஷமா பாட்டு கேக்கறேன், இப்படி ஒண்ணு கேட்டதில்ல. சுருதி நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. யாருன்னு சொல்லுங்க, நேர்ல பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றேன்."

"அப்பா, அது அம்மா" என்றாள் மகள்.

"எந்த அம்மா?"

நீதிபதி மகளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார். சாப்பிட வாங்க என்று இருபத்தாறு வருடமாக அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற வாய். அதையும் இப்போது கேட்ட குரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முயன்றார். சேரவில்லை.

"கல்யாணமான புதுசுல ஒருநாள் பாடினேன்" என்றாள் அவள். "சுருதி விலகுதுன்னீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவருக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"அப்புறம் எப்போ கத்துக்கிட்டே?" என்றார்.

"கத்துக்கிட்டதெல்லாம் இல்லங்க. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் தினமும் பாடுவேன். நீங்க வர்ற நேரத்துக்கு நிறுத்திடுவேன்."