அத்தைக்கு நான் வைத்த பரீட்சை

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே நான் வாத்தியாராகிவிட்டேன். எனக்கு ஒரே ஒரு மாணவி, அப்பாவின் தங்கை. தினமும் கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்து பட்டம் வாங்கியவள். அப்படிப்பட்ட அத்தை, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக நாங்கள் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த கரும்புக் கொல்லையில், எனக்குப் பயந்துகொண்டு ஸ்பானிஷ் படித்தாள்.

கரும்பில் சோகை உரிக்க இரண்டு கையும் வேண்டும். காய்ந்த தோகையைப் பிடித்து இழுத்து இழுத்துப் போடும்போது போனை யார் பிடிப்பது? அதனால் நான் வரப்பில் உட்கார்ந்து போனில் இருக்கும் ஆப்பைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். அவள் உரித்துக்கொண்டே பதில் சொல்வாள். தப்பாகச் சொன்னால் தப்பு. யோசித்துச் சொன்னாலும் என் கணக்கில் தப்புதான். ஸ்பானிஷ் எந்த ஊர் பாஷை என்று எனக்குத் தெரியாது. கேட்டால் வாத்தியார் மரியாதை போய்விடும் என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

அத்தையோடு படித்த அக்கா ஒருத்தி சென்னையில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் போனில் கேட்பதற்குப் பதில் சொல்லும் கம்பெனி. இங்கிலீஷ் எல்லோருக்கும் வருகிறது, ஸ்பானிஷ் தெரிந்தால் உடனே எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை ஸ்பானிஷ் படிக்கக் கிளம்பியிருந்தாள்.

ஒருநாள் ‘ஓஹா’ வந்தது. ஆப்பில் இலைப் படம் போட்டிருந்தது. அத்தை ஒவ்வொரு இழுப்புக்கும் ஓஹா, ஓஹா என்று சொல்லிப் பழகினாள். பக்கத்து வரிசையில் உரித்துக்கொண்டிருந்த அப்பா, யார் என்னத்துக்கு இப்படி ஆச்சரியப்படுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பாடத்தில் அதே ஓஹாவுக்குத் தாளின் படம் வந்தது. போன் கெட்டுவிட்டது என்றேன். அதற்கும் அடுத்ததில் சவர பிளேடு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கு மூன்று பதில் எழுதினால் முட்டைதான் போடுவார்கள். இவர்கள் மூன்றுக்கும் சரி போடுகிறார்களே!

அத்தை சிரித்துவிட்டு, சோகை கீறிய முழங்கையை என் முன்னால் நீட்டினாள்.

“இதப் பாரு. எலதான், ஆனா பிளேடு மாதிரி அறுத்துட்டுது. அவுங்க ஊர்லயும் யாரோ கரும்பு உரிச்சிக்கினு இருந்திருப்பாங்க.”

எது பேச்சில் இருக்கிறதோ அதற்கேற்ற மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றாள். எனக்கு அது சரிப்படவில்லை. மூன்றையும் வரிசையாகச் சொன்னால்தான் மார்க் என்று சட்டம் போட்டேன். அன்றைக்கெல்லாம் கொல்லையில் இதே பாட்டுதான். அப்பா காதிலும் விழுந்திருக்கும்.

கரும்பு வெட்டுக்கு வருவதற்கு முன்பே அத்தைக்குச் சென்னை வேலை வந்துவிட்டது. போனிலேயே கேள்வி கேட்டு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அத்தை குதித்த குதியில் எங்கள் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சாயங்காலம் பெரியப்பா வந்தார். அவருக்கு அவள் கடைசித் தங்கை. கல்யாணம் ஆகாத பெண் தனியாகச் சென்னையில் இருப்பதாவது, ராத்திரியெல்லாம் முன்பின் தெரியாதவனோடு போனில் பேசுவதாவது என்று ஆரம்பித்தவர் லேசில் முடிக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணனுக்கு எதிரில் அவர் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு மெதுவாக வாயைத் திறந்தார்.

“அம்மனையே கேட்டுர்லாங்கண்ணா.”

எங்கள் குடும்பத்தில் கொல்லையில் தண்ணீருக்குப் போர் போடுவது, சம்பந்தம் பேசுவது எல்லாமே ஏரிக்கரை மாரியம்மனிடம் பூ போட்டுப் பார்த்துத்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். வீட்டுக் குழந்தை வந்து அதில் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அம்மன் வெள்ளை கொடுத்துப் போட்ட போர் ஒன்றில் வெறும் புழுதிதான் பறந்தது. அதற்கு நாங்கள் போர் வண்டிக்காரரைத் திட்டினோமே தவிர அம்மனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியப்பா சரி என்றுவிட்டார். அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் போனதும் அப்பாவிடம் வந்து நின்றாள்.

“ராவும் பகலும் படிச்சது நானு. அதக் கொண்டும் போய் பூவுல போட்டுட்டியேண்ணா.”

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

மறுநாள் காலையில் அவரே குளித்துவிட்டுப் போய்ப் பூப் பறித்து வந்தார். அவரே பூவரசு இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் முன்னால் வைத்தார். பெரியப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். அத்தை கண்ணை மூடவே இல்லை. அத்தை போகாவிட்டால் எனக்கும் வாத்தியார் உத்தியோகம் நிலைக்கும் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. அவள் போக வேண்டும், அவ்வளவுதான். இலைப் பொட்டலமாயிற்றே என்று, ஓஹா ஓஹா என முணுமுணுத்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன். அம்மனுக்கு ஸ்பானிஷ் தெரியாமலா இருக்கும்?

நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி சொல்லிவிட்டது, இனி நான் யார் என்று அத்தையின் நெற்றியில் அவரே திருநீறு பூசினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இன்னொரு பொட்டலத்தை வாய்க்காலில் விட என்னை அனுப்பினார்கள்.

கட்டிய நார் வழியிலேயே நெகிழ்ந்துவிட்டது. பிரிக்கக் கூடாதுதான். ஆனால் அது தானாக அவிழ்ந்தால் நான் என்ன செய்வேன், கொஞ்சம் உதவி செய்தேன். உள்ளேயும் நந்தியாவட்டை! பின்னாலேயே வந்த அப்பாவிடம் நீட்டினேன்.

“அப்பா, இதுலயும் வெள்ளப்பா.”

அவர் திரும்பிக் கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இலையைப் பழையபடி மடித்து, நாரைச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நீ அவ்ளோ ஜாஸ்தியா வேண்டிக்கினியே, அதான். பெரியப்பாகிட்ட சொல்லாத, கண்ணு பட்டுரும்.”

நான் வேண்டிய வேகத்தில் சிவப்பே வெளுத்துப்போயிருக்கிறது! பெருமை தாங்கவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் அந்த வயதில் நான் பட்ட பெரிய கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏற்றிவிடப் போனோம். அம்மன் கொடுத்த வெள்ளைப் பூவை அத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்திருந்தாள். அதுவரை அப்பாவிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் அப்பா ஜன்னலோரம் போய், சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். இலை சுருண்டு கறுத்திருந்தது.

“இதுக்கு இன்னா பேரு பாப்பா? ஓகாவா?”

அத்தை நாரை அவிழ்த்தாள். உள்ளே வாடிப்போன நந்தியாவட்டை. அதையே பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது. ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

எனக்கு மானம் போயிற்று. எத்தனை நாள் படித்த பாடம், இத்தனை சுலபமான கேள்வி, நாளைக்கு வேலைக்குப் போகிறவள் பதில் தெரியாமல் அழுகிறாளே! அவளைக் காப்பாற்ற நானே எக்கி நின்று கத்தினேன்.

“எல, தாளு, பிளேடு!”

அப்போதும் அவள் திருப்பிச் சொல்லவில்லை. பஸ் நகர்ந்ததும் நான் அவளுக்கு முட்டை மார்க் போட்டேன்.