தார்ப்பாய்க்குள் இருந்த மச்சான்

அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. பூங்கா அலுவலகத்தில் ஆசையாக ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அது பெட்டி பிரிக்காமல் டிக்கெட் கவுண்ட்டர் அலமாரியில் தூங்குகிறது. என்ஜின் இரைச்சல், குழந்தைகளின் கூச்சல், தூரத்து அருவி எல்லாவற்றையும் தாண்டி அவர் குரல் படகின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். படகுத்துறையில் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்றுதான் பேர். வீட்டில் மனைவி மட்டும், "மெதுவாப் பேசுங்க, நான் என்ன அக்கரையிலயா நிக்கிறேன்?" என்பாள்.

அவருடைய வேலை, தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஆற்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் முதலையைக் காட்டி, அருவியைக் காட்டி, சேதாரமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது. வழியெல்லாம் பேச வேண்டும். வருகிறவர்கள் படகில் கால் வைத்ததும் போனைத் தூக்கிவிடுவார்கள். இரண்டு கரையிலும் மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும், கொக்கு கிளம்பும், குரங்கு தாவும். எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்தான். இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "சார், போன் கீழ விழுந்தா முதலை எடுத்துக்கும். அப்புறம் உங்க வீட்டுக்கு அதுதான் போன் பண்ணும்" என்பார். சிரித்துக்கொண்டே இரண்டு பேராவது போனைப் பைக்குள் வைப்பார்கள்.

பாதி வழியில் ஒரு மணல்திட்டு வரும். முதலைகள் அங்கேதான் வெயில் காயும். அதில் ஆகப் பெரியதாக, வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்திருந்தார். திட்டுக்குப் பக்கத்தில் என்ஜினை நிறுத்தி, குரலை இறக்கி, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"அதோ, வாயைத் திறந்துகிட்டுக் கிடக்கிறாரே, அவர்தான் என் மச்சானை முழுங்கினவர். என் பொண்டாட்டிக்குக் கூடப் பிறந்தவர். அவ இன்னும் அழுதுகிட்டு இருக்கா. நான் மட்டும் தினமும் வந்து இவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று ஜனம் திருதிருவென்று முழிக்கும். அந்த நேரம் பார்த்து, படகின் பின்பக்கத்தில் சுருட்டிப் போட்டிருக்கும் பச்சைத் தார்ப்பாய் திடீரென்று எழுந்து நிற்கும். உள்ளே இருந்து மீசையும் தொப்பையுமாக ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு வெளியே வருவார். "முழுங்கினது உண்மைதான்! ஆனா வாய்க்கு விளங்கலைன்னு துப்பிட்டார்!"

படகே குலுங்கும். அலறியவர்கள்கூட அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த ஆள்தான் மூட்டை. மூட்டை மாதிரிப் படுத்துக் கிடந்ததால் வந்த பேர். உண்மையிலேயே மனைவியின் அண்ணன். படகில் கயிறு போடுவது, ஆட்களைக் கைபிடித்து இறக்குவது, அருவித்துறையில் பலகைப் பாதையைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. லவுட்ஸ்பீக்கரோடு ஒரே படகில் பாடுபட்டுப் பழகி, "எப்படியும் உன் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆகணும், சொந்தமாவே ஆயிடு" என்று தங்கையைக் கட்டிக் கொடுத்தவரும் அவரேதான். தான் மட்டும் கல்யாணத்தின் பக்கமே போகவில்லை. பக்கத்துக் குடியிருப்பில் ஒற்றை அறை. சாப்பாடு தங்கை வீட்டில். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி, சன்னல் மேடையில் தானே கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின். பூங்காவின் லைஃப் ஜாக்கெட்டுகள் கிழிந்தாலும் வார் பிரிந்தாலும் அவளிடம்தான் வரும். அறை முழுக்க ஆரஞ்சு நிறமாகக் கிடக்கும். வேண்டாத விருந்தாளி மாதிரி நாற்காலியில் எப்போதும் ஒரு ஜாக்கெட் உட்கார்ந்திருக்கும்.

மழை விட்ட மறுநாள் அது நடந்தது. ஆறு கலங்கிப் பெருகி இருந்தது. அன்றைக்கு வந்த கூட்டம் நல்ல ரசனையுள்ள கூட்டம். முதலை விளையாட்டை "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டு மறுபடியும் செய்ய வைத்தது. மூட்டைக்குத் தலைகால் புரியவில்லை. வளைவு திரும்பினால் அருவி. அருவித்துறையின் கட்டைகளுக்கு நடுவே எங்கிருந்தோ அடித்து வந்த மரம் ஒன்று சிக்கிக் கிடந்தது. அதைத் தள்ளிவிடக் கயிறோடு தாவிய மூட்டை, பாசி வழுக்கி, படகுக்கும் துறைக்கும் நடுவே விழுந்தார். அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் மேலே நுரையாகத் தெரியும், அடியில் இழுக்கும். லவுட்ஸ்பீக்கர், "மச்சான்! மச்சான்!" என்று கத்தினார். படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அடுத்த விளையாட்டு ஆரம்பம் என்று நினைத்துவிட்டார்கள். பாவம், அவர்களைச் சொல்லி என்ன?

மறுநாள் காலையில் உடல் மணல்திட்டில் ஒதுங்கி இருந்தது. முதலைகள் தொடவில்லை. பெரியவர் வழக்கமான இடத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தார், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "ஜாக்கெட் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தார் சார். தண்ணியில கழண்டுபோச்சு."

அது பொய். தார்ப்பாய்க்கு அடியில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்க்கும் என்று மூட்டை தினமும் ஜாக்கெட்டைக் கழற்றிக் கடைசி சீட்டுக்கு அடியில் திணித்துவிடுவார். விளையாட்டு முடிந்ததும் மாட்டிக்கொள்வார். அன்றைக்கு இரண்டாம் தடவை செய்ததில் மறந்துபோனார். அதைச் சொன்னால், செத்தவன் தன் திமிரால் செத்தான் என்று எழுதிவிடுவார்கள் என்று இவருக்குப் பயம். மச்சானின் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். சீட்டுக்கு அடியில் கிடந்ததை எடுத்து மற்ற ஜாக்கெட்டுகளோடு கலந்தும் விட்டார். தண்ணீரில் கழன்றது என்றால் வார் பிரிந்தது என்று அர்த்தம், அந்த வாரைத் தைத்தது யார் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

அலுவலகத்தில் அவர் சொன்னது அவள் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. காரியமெல்லாம் முடிந்து மெஷினில் உட்கார்ந்தவள், ஒவ்வொரு வாரையும் மூன்று தடவை தைக்க ஆரம்பித்தாள். தைத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பாள். கை சிவந்துவிடும். பிறகு மறுபடியும் மெஷினில் வைத்துத் தைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருக்கும். சொன்னால், 'உங்க விளையாட்டுக்கு எங்க அண்ணனைப் பலி குடுத்துட்டீங்க' என்று சொல்லிவிடுவாளோ? சொல்லாவிட்டால் இவள் இப்படியே தைத்துத் தைத்துச் செத்துப்போவாள். ஊருக்கே கேட்கிற குரல் சொந்த வீட்டில் அடைத்துப்போனது. சன்னல் மேடையில் அந்தத் தட்டு கவிழ்த்து வைத்தபடி இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் படகுத்துறைக்கு வந்தவள், கொண்டுவந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"நானும் வரேன். அந்த இடத்தை ஒரு தடவை பாக்கணும்."

முதலை என்றால் படத்தில் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறவள். இத்தனை வருஷத்தில் படகில் ஏறியதே இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து ஏற்றினார். கடைசி வரிசையில், தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு லவுட்ஸ்பீக்கர் மரத்தைப் பற்றிச் சொன்னார், கொக்கைப் பற்றிச் சொன்னார். மணல்திட்டு வந்ததும் என்ஜினை நிறுத்தவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு அங்கே நிறுத்துவதில்லை. முன்வரிசையில் இரண்டு குழந்தைகளோடு இருந்த ஒரு அம்மாள் விடவில்லை.

"டிரைவர், போன தடவை வந்தப்ப ஒருத்தர் தார்ப்பாய்க்குள்ள இருந்து எழுந்திரிச்சாரே? பசங்க அவரைப் பாக்கணும்னுதான் அடம்பிடிச்சு வந்திருக்காங்க. இன்னைக்கு இல்லையா?"

"லீவுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு சொல் வந்ததை அந்த ஆறு கேட்டிருக்காது.

குழந்தைகள் எழுந்து வந்து தார்ப்பாயைக் காலால் மெல்லத் தட்டிப் பார்த்தன. "அங்கிள், உள்ள இருக்கீங்களா?" என்று ஒன்று குனிந்து கேட்டது. அவள் அந்தக் குழந்தையின் தலையைத் தடவி, "அவர் இல்லம்மா" என்றாள்.

அருவித்துறையில் எல்லோரும் இறங்கிப் பலகைப் பாதையில் போனார்கள். சாரல் படகுவரை வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். அவள் துறைக்கட்டையையும் அதன் அடியில் சுழலும் நுரையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஜாக்கெட்டை நான்தான் தெச்சேன்" என்றாள். "நூல் தீர்ந்துபோச்சுன்னு பழைய நூலைப் போட்டுட்டேனோ, என்னவோ. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன், ஞாபகம் வரலைங்க. எங்க அண்ணனை நானே..."

"நிறுத்து" என்றார் அவர். அருவிச் சத்தத்துக்கு மேலே அது அறை விழுந்த மாதிரிக் கேட்டது. "உன் தையல் பிரியல. மச்சான் ஜாக்கெட்டே போடல."

அவள் திரும்பினாள். அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். தார்ப்பாயை, ஆரஞ்சு நிறத்தை, சீட்டுக்கு அடியில் திணித்ததை, இரண்டாம் தடவை விளையாடியதை, அலுவலகத்தில் சொன்ன பொய்யை. "போடுடான்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லல. சொன்னா விளையாட்டு கெட்டுப்போகும்ல. ஜனம் சிரிச்சுது. எனக்கும் அதுதான் பெருசாத் தெரிஞ்சுது."

அவள் மறுபடியும் நுரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நனைந்து கும்மாளமிட்டபடி எல்லோரும் திரும்பி வந்து ஏறினார்கள். அவர் என்ஜினைக் கிளப்பினார். திரும்பும் வழி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. மணல்திட்டில் பெரியவர் கிடந்தார். யாரோ கை காட்டினார்கள், யாரோ படம் எடுத்தார்கள். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. இறங்கும்போது அந்த அம்மாள், "போன தடவை எவ்வளவு ஜாலியாப் பேசினார், இன்னைக்கு என்ன சிடுசிடுன்னு இருக்கார்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

படகு காலியானது. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. தார்ப்பாயை மடியில் இழுத்துப் போட்டு, கடையில் துணி பார்ப்பதுபோல அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து எதிரில் நின்றார். திட்டட்டும், அடிக்கட்டும், வீட்டைவிட்டுப் போகிறேன் என்று சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார்.

"இந்தப் பச்சை கடையிலயே கிடைக்கும்" என்றாள். "ஜாக்கெட்டுக்கு மேல இதே கலர்ல ஒரு உறை தெச்சுப் போட்டிருந்தா வெளியில தெரிஞ்சிருக்காது. ஒரு சாயங்கால வேலைங்க." அங்கேதான் அவள் குரல் உடைந்தது. "ரெண்டு பேரும் தினமும் என் மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்துதானே சாப்பிட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

மூட்டை படுக்கிற இடத்தில் உட்கார்ந்து அவர் அழுதார். டிக்கெட் கவுண்ட்டர்வரைக்கும் கேட்டது.