முதலாளி என்று சொன்னவரின் வழக்கு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி ‘நல்லவர், வல்லவர்’ என்று மட்டும் எழுதினால், எழுந்து வந்து ‘ஆதாரம் எங்கடா?’ என்று கேட்பார். ஆகவே, தம்பி என்ற உரிமையில் நடந்ததை எழுதுகிறேன்.

சந்தவாசலில் நிலமில்லாத குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். ஒருமுறை ஆரணியில் அப்பா வாங்கிய தையல் இயந்திரம் சில நாளிலேயே பழுதானது. ‘உனக்கு ஓட்டத் தெரியல’ என்று கடைக்காரர் விரட்ட, அப்பா பேசாமல் திரும்பினார். அது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சட்டம் படித்தார். ஏழை நுகர்வோருக்குக் கட்டணமின்றி வழக்கு நடத்த, ஆரணி பழைய பேருந்து நிலையத்தருகே ஒரு மாடி அறையில் நண்பர்களோடு மையம் தொடங்கினார். கல்யாணப் பேச்செடுத்தால் மட்டும் வாய்தா வாங்கிவிடுவார்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. சட்டத்தை அவர் பேசுவார். பட்ட பாட்டை வந்தவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒரு வழக்கில் அதுவே எங்களைக் கவிழ்த்தது.

ஏழுமலை என்பவர் கூலிக்குப் பட்டு நெய்து, பிறகு சொந்தத் தறி போட்டவர். சேலையில் பூவேலைப்பாடு விழத் தறியில் பூட்டுவதற்கு அவர் வாங்கிய எலக்ட்ரானிக் ஜக்கார்டு இயந்திரம் பாதிச் சேலையில் நின்று நின்று போனது. விற்ற நிறுவனம் கைவிரித்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், ‘என்ன தொழில்?’ என்று கேட்டார்.

‘முன்னதான் கூலி சார். இப்ப நான் முதலாளி’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் ஏழுமலை.

அவ்வளவுதான். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று வழக்கு தள்ளுபடியானது. ஆனால் பிழைப்புக்காகத் தானே உழைப்பவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அக்கா சென்னையில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்தார். அதற்குள் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது.

பார்க்க வந்த ஏழுமலையிடம், ‘இந்த வாட்டியாவது கூலிக்காரன்னு சொல்லித் தொலைங்க’ என்றேன். அவர் முகம் சுருங்கியது.

‘சும்மா இருடா’ என்று அதட்டினார் அக்கா. ‘எத்தினி வருஷம் ஒழைச்சிகினு இருந்து அந்தப் பேரை வாங்கினாரு! அத்த நாம புடுங்கலாமா?’ பிறகு அவர் பக்கம் திரும்பினார். ‘நீங்க முதலாளியாவே இருங்க. தறியில யாரு உக்காந்து நெய்யறாங்கன்னும் சேத்து சொல்லுங்க. நான் இல்லன்னாலும் நீங்களே நின்னு பேசணும்.’

‘நீங்க இல்லாம என்னால ஆவாது வக்கீலம்மா.’

‘ஆவும்.’

விசாரணைக்கு முன்பே அக்கா போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு ஏழுமலையும் நானும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். அக்காவின் ஜூனியர் சட்டத்தை வாதாடினார். பிறகு ஆணைய உறுப்பினர் ஏழுமலையைப் பார்த்து, ‘முதலாளின்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே?’ என்றார்.

ஏழுமலை எழுந்தார். ‘ஆமாங்க. முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான். என் தறியில வேற ஆளே இல்லீங்க.’

நான் அழுதுவிட்டேன். இயந்திரத்தை மாற்றித்தர உத்தரவானது.

அக்காவைக் கடைசிவரை தாங்கிய மருத்துவர்கள், செவிலியர்கள், மையத்து நண்பர்கள், பஸ் இல்லாத நேரத்திலும் படவேட்டிலிருந்து வந்துசேர்ந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மையத்தை மூடிவிடுவீர்களா என்று பலர் கேட்டீர்கள். மூட மாட்டோம். அக்காவின் ஜூனியர் நடத்துகிறார். போன வாரம் பெரணமல்லூரிலிருந்து ஒரு பெண் வந்து, தனக்குப் பேச வராது, தன்னால் ஆகாது என்று அழுதார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழுமலை அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டே சொன்னார்:

‘ஆவும்மா. உக்காருங்க.’