ஹவ் என்று பதிவாகியிருக்கிறது

என் கணவர் ஒருநாள் காலையில் செல்போனில் ஏழு முறை 'ஹவ்' என்றார். அதன் பலனாக, வராத காது மெஷின் வந்து சேர்ந்துவிட்டதாகவும், அதில் அவர் முழுத் திருப்தி அடைந்ததாகவும், எங்கள் புகாரை மூடிவிடலாம் என்று அவரே மனமுவந்து சொன்னதாகவும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

ஹவ் என்றால் ஆமாம். மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்களின் தமிழில் இட்லிக்கும் சட்னிக்கும் நடுவில் சகஜமாக வந்து உட்கார்ந்துகொள்ளும் வார்த்தை. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. ஏன் என்று கேட்க 'கைக்கு'. என் கணவர் பிறவியிலேயே நக்கோ ஆசாமி. சினிமாவுக்குப் போகலாமா என்றால் நக்கோ. ஃபேனைக் குறைக்கட்டுமா என்றால் நக்கோ. டாக்டரிடம் போகலாமா என்றால் கட்டாயம் நக்கோ. கல்யாணத்துக்கு மட்டும் எப்படிச் சம்மதித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவர். ஓய்வு பெற்றபோது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பிறகு ஹப்சிகுடாவில் ஒரு கடையில் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் குக்கர் மாதிரி விசிலடிக்க ஆரம்பித்தது, பிறகு அதுவும் அடங்கிப்போனது. கடைக்காரர் அதைக் கம்பெனிக்கு அனுப்பினார். போனது போனதுதான்.

மெஷின் இல்லாத இரண்டு மாதத்தில் என் கணவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். எதிரில் யார் வாயசைத்தாலும் ஒரு புன்னகை, ஒரு ஹவ். முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அவருடைய ஓட்டை டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போடட்டுமா? ஹவ். சோபாவை ஜன்னல் பக்கம் திருப்பட்டுமா? ஹவ். கொடுத்துவைத்தவள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் பெருமூச்சு விட்டாள். மூன்றாம் வாரம் எனக்கு அலுத்துவிட்டது. அவர் சாயங்கால நடையை நிறுத்தினார். பார்க் பெஞ்சு சகாக்கள் தேடி வந்தபோதும் சிரித்து, ஹவ் சொல்லி, அனுப்பிவைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. எதிர்த்துப் பேசாத மனிதர் எனக்குப் பழக்கமில்லாதவர்.

இந்தச் சமயத்தில்தான், நான் காய்கறி வாங்கப் போயிருந்தபோது, கம்பெனியிலிருந்து அவருக்கு போன் வந்திருக்கிறது. போன் அதிர்ந்தால் எடுப்பது அவருடைய பழக்கம். எடுத்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே ஊதியவளுக்குப் பதிலும் கிடைத்திருக்கிறது.

இது எதுவும் தெரியாமல், மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்க நான் கம்பெனிக்கு போன் செய்தேன். இந்த அழைப்பு தரத்துக்காகவும் பயிற்சிக்காகவும் பதிவு செய்யப்படலாம் என்று வழக்கமான குரல் சொன்னது. வழக்கம்போல நான் மரியாதையாகக் காத்திருந்தேன். தமிழுக்கான எண்ணை அழுத்தியதும் சென்னைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள்.

"உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்."

"கைக்கு?" என்றேன் பதறிப்போய்.

"ஆமா மேடம், கைக்கு வந்துடுச்சு. சாரே கன்ஃபர்ம் பண்ணியிருக்காங்க."

"அது இல்லம்மா. கைக்குன்னா ஏன்னு கேக்குறேன்!"

"மெஷின் கைக்கு ஏன் வந்துச்சுன்னா கேக்குறீங்க?"

இந்த முடிச்சை அவிழ்க்கவே ஐந்து நிமிஷம் ஆனது. கடைசியில், சார் சம்மதித்த பேச்சு ஹிந்தியில் பதிவாகியிருக்கிறது என்றாள். எனக்குப் போட்டுக் காட்டு என்றேன். வெளியாட்களுக்குத் தர முடியாதாம். என் புருஷன் குரலுக்கு நான் வெளியாள்!

வந்த கோபத்தில், நானும் பதிவு செய்கிறேன் என்று திரையில் இருந்த பொத்தானை அழுத்தினேன். என் போன் சுத்த அரிச்சந்திரன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி இங்கிலீஷில் முழங்கிவிட்டது.

"மேடம், நீங்க ரெக்கார்ட் பண்ணக் கூடாது. சட்டப்படி தப்பு" என்றாள் அந்தப் பெண். லைன் துண்டானது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இருந்தாலும் சட்டம் என்ற வார்த்தை என்னைச் சும்மா உட்கார விடவில்லை. என் பிறந்த வீடு ரயில்வே குடும்பம். பிளாட்பாரம் டிக்கெட் இல்லாமல் அக்காவை வழியனுப்பக்கூடப் போனதில்லை. நேராகக் கீழ்வீட்டு வக்கீலிடம் போய், என்னை ஜெயிலில் போடுவார்களா என்று கேட்டேன்.

வக்கீல் தம் டீயைக் குடித்து முடிக்கும்வரை எனக்குத் தீர்ப்பு வழங்கவில்லை. பிறகு சொன்னார். "பேசுற ரெண்டு பேர்ல நீங்களும் ஒருத்தர்தானேம்மா? தான் பேசுற பேச்சைத் தானே பதிவு பண்ணக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கிறதா எனக்குத் தெரியல. வேற ரெண்டு பேர் பேசுறதை நடுவுல பூந்து ஒட்டுக்கேட்டாத்தான் வம்பு. உங்க புகாருக்காக வெச்சுக்குங்க. வாட்ஸப் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க."

"சொல்லிட்டுப் பண்ணணுமா சார்?"

"சொல்லிட்டா இன்னும் நல்லது. அவங்களே சொல்லிட்டுத்தானே பண்றாங்க?"

அது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை என் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அதிர்ஷ்டவசமாக அதே பெண். என் போன் தன் முழக்கத்தை முடித்ததும் நானும் அந்த மெஷின் குரலிலேயே தமிழில் சொன்னேன்: "இந்த அழைப்பு தரத்துக்காகவும் பயிற்சிக்காகவும் பதிவு செய்யப்படுகிறது. தரம் எனக்கு. பயிற்சி உங்களுக்கு." பாவம், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் தப்பு என்று சொல்லவில்லை.

"உன் ரெக்கார்டை எனக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். நீயே கேளு. முதல்ல, பேசுறது யாருன்னு கேட்டிருப்பாங்க இல்ல? அதுக்கு இவர் என்ன சொன்னார்னு மட்டும் பாரு."

காத்திருப்புச் சங்கீதம் இரண்டு சுற்று ஓடியது. திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "மேடம்... 'ஆப் கோன் போல் ரஹே ஹை'ன்னு கேட்டிருக்காங்க. சார் ஹவ்னு சொல்லியிருக்கார். மொத்தம் ஏழு தடவை, எல்லாத்துக்கும் ஹவ்தான்."

"நீங்க யாருன்னு கேட்டா ஆமாம்னு சொல்ற மனுஷன்கிட்ட சம்மதம் வாங்கியிருக்கீங்க."

"சாரி மேடம். மேல அனுப்பி, புது மெஷினே போடச் சொல்றேன்."

அதோடு நான் வைத்திருக்கலாம். ஆனால் ஜெயித்த கையோடு மனசில் இருந்ததும் வாயில் வந்துவிட்டது. "சீக்கிரம் அனுப்பும்மா. இந்த மனுஷன் ரெண்டு மாசமா எல்லாத்துக்கும் சரி சரிங்கிறார். வீட்ல ஆள் இருந்தும் நான் தனியா இருக்கேன். அவர் என்கூட ஒரு தடவை சண்டை போட்டாப் போதும். பக்கத்துலதான் உக்காந்திருக்கார், காது கேக்காது. அதான் தைரியமா சொல்றேன்" என்றேன். என் கணவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "ஹவ்" என்றார்.

பத்து நாளில் புது மெஷின் வந்தது. ஹப்சிகுடா கடையில் பொருத்திக்கொண்டு வந்தவர், என் போனை எடுத்துப் பாட்டு வைத்துச் சோதிக்கிறேன் என்று உட்கார்ந்தார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு வரவில்லை. தரம் எனக்கு, பயிற்சி உங்களுக்கு என்று என் குரல் வந்தது. நான் ஓடி வருவதற்குள் முழுவதையும் கேட்டுவிட்டார். கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை வைத்தார்.

"என் பர்மிஷன் கேக்காம என்னைப் பத்திப் பேசி ரெக்கார்ட் பண்ணியிருக்கியே, இது சட்டப்படி சரியா?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வக்கீலைக் கேட்டாச்சு. புகார் தீர்ந்துபோச்சு இல்ல, இனிமே அது எதுக்கு? குடுங்க, அழிச்சுடுறேன்" என்று வெங்காயக் கையை நீட்டினேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நக்கோ" என்றார்.